காய்ச்சல் மருந்துகளை மாற்றி மாற்றி உண்ணலாமா?

மருந்தின் பெயரையே அறநூலுக்குப் பெயராகச் சூட்டிய மரபு நம்முடையது. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் அருகன் நெறி நின்ற சான்றோர்கள். ஏலாதி என்னும் சூரணத்தில் ஏலம் 1 பங்கு எனில் இலவங்கம் 2 பங்கு, சிறுநாவற்பூ 3 பங்கு, மிளகு 4 பங்கு, திப்பிலி 5 பங்கு, சுக்கு 6 பங்கு சேர வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த கணக்கு. இந்த அளவு பிறழ்ந்தால் அது ஏலாதி ஆகாது. அளவில் நம் முன்னோர் காட்டிய அந்தக் கவனத்தை, இன்று நம் வீட்டு அலமாரிகளில் அட்டை அட்டையாகக் கிடக்கும் காய்ச்சல் மாத்திரைகளிடம் நாம் காட்டுவதில்லை. ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் குடும்பங்களில், அண்டை வீட்டாருக்கு உடம்பு சுடுகிறது என்றால் நம் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை கிள்ளிக் கொடுப்பது இயல்பு. கொடுப்பது இன்னதென்று அறிந்து கொடுத்தல் நலம் என்பதாலேயே இக்கட்டுரை.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து இல்லங்களில் தாய்மார்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "பாராசிட்டமால் கொடுத்து மூன்று மணி நேரம் ஆகிறது, காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த வேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இடையில் வேறொரு மருந்தைக் கொடுக்கலாமா?" கொடுக்கலாம் என்பதும் விடை, கூடாது என்பதும் விடை. எப்போது எது என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

இரு மருந்துகள், இரு வழிகள்

நம் கடைகளில் மருத்துவர் சீட்டின்றி மக்கள் வாங்கும் காய்ச்சல் மருந்துகள் பெயரளவில் நூற்றுக்கணக்கானவை. உட்பொருளளவில் மிகச் சிலவே. குரோசின், கால்பால், டோலோ என்று எப்பெயரில் வந்தாலும் உள்ளிருப்பது பாராசிட்டமால். புரூஃபென் என்பது இபுபுரூஃபென். காம்பிஃப்ளாம் போன்ற கூட்டு மாத்திரைகளில் இபுபுரூஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என இரண்டும் சேர்ந்தே உள்ளன.

உடலில் கிருமி புகுந்தால் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து, மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தின் அளவை உயர்த்துகிறது. அதுவே காய்ச்சல். இரு மருந்துகளும் அச்சுரப்பைத் தடுக்கின்றன. ஆனால் பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையளவில் செயற்பட்டு, கல்லீரலால் சிதைக்கப்பட்டு வெளியேறுகிறது. அளவு மீறினால் கெடுவது கல்லீரல். இபுபுரூஃபெனோ உடலெங்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கிறது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், உடலில் நீர் குறைந்தபோது சிறுநீரகத்துக்குக் குருதியோட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டினே ஆதலால், இம்மருந்தால் இடர்ப்படுவன வயிறும் சிறுநீரகமும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் ஆகியனவும் இவ்வினத்தவையே.

இரண்டும் செயற்படும் விதம் வேறு வேறு என்பதால்தான் இரண்டையும் இடைவெளி விட்டு மாற்றிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் மருத்துவ உலகில் தோன்றியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 156 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரு மருந்துகளையும் பெற்ற குழந்தைகள் ஒரு நாளில் காய்ச்சலின்றி இருந்த நேரம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆயினும் வேளையும் அளவும் குழம்பி மிகைமருந்து போய்விடலாம் என்று எச்சரித்து, கொடுத்த நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று அவ்வாய்வாளரே வலியுறுத்தினர். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டா. முதல் மருந்துக்குப் பின்னும் குழந்தை துன்புற்றால் மட்டும் மற்றதை எண்ணிப் பார்க்கலாம் என்பது அந்நாட்டு வழிகாட்டு நெறி. வெப்பமானியின் எண்ணை இறக்குவதற்காக மட்டும் மருந்து கொடுக்கத் தேவையில்லை. காய்ச்சல் வலிப்பை இம்மருந்துகள் தடுப்பதும் இல்லை. குழந்தை 101 டிகிரியிலும் விளையாடிக்கொண்டு நீர் அருந்துகிறதெனில், மருந்தைவிட நீரே அதற்கு வேண்டுவது.

கழுகுகள் கற்பித்தது

வலி மருந்து சிறுநீரகத்தை எவ்வாறு அழிக்கும் என்பதற்கு நம் நாட்டுக் கழுகுகளே சான்று. 1990-களில் இந்தியாவெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்து வீழ்ந்தன. இலட்சக்கணக்கில் இருந்த இனம் ஏறத்தாழ முற்றும் அழிந்தது. நோவுற்ற மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக், அம்மாடுகளின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்ததே காரணம் என 2004-இல் ஆய்வாளர் நிறுவினர். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதர்க்கான பெரிய மருந்துக் குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015-இல் குப்பியின் அளவு 3 மி.லி. எனக் குறுக்கப்பட்டது. அசிக்ளோஃபினாக், கீட்டோபுரூஃபென் ஆகியவற்றைக் கால்நடைக்கு அளிப்பது 2023-இல் தடை செய்யப்பட்டது. மாடு வைத்திருக்கும் நம் வேளாண் குடும்பத்தார் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைவிட வலியது. ஆயினும் ஊறு வரும் வழி புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் இம்மருந்தினமே.

மழைக்காலத்துக் காய்ச்சல்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. விழுப்புரம் மாவட்டத்து வயல்களும் தெருக்களும் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளத்துக்குப் பின்னும், பொதுவாக ஐப்பசி முதல் தை வரையிலும், நம் பக்கத்துக் காய்ச்சல் எதுவாயினும் மூன்று நோய்களை ஐயுற வேண்டும்.

முதலாவது டெங்கு. இதில் குருதித் தட்டணுக்கள் குறைகின்றன. இபுபுரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் ஆகியன வயிற்றில் குருதிக் கசிவை உண்டாக்குவதோடு, தட்டணுக்களின் உறையும் செயலையும் மழுக்குகின்றன. ஆகவே டெங்குவில் பாராசிட்டமால் ஒன்றே கொடுக்கத்தக்கது. மேலும், டெங்குவில் இடர் மிகும் காலம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளன்று. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும் நேரமே. இரு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து உடம்பைக் குளிர வைத்துவிட்டு, "இறங்கிவிட்டது" என்று நிம்மதியடையும் வீடு அந்நேரத்தைக் கவனிக்கத் தவறிவிடும்.

இரண்டாவது எலிக்காய்ச்சல். தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடப்போருக்கு வருவது. சிறுநீரகத்தைத் தாக்கும் இந்நோயில் இபுபுரூஃபென் எரிகிற நெருப்பில் எண்ணெய். மூன்றாவது உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களிலும் கரம்புகளிலும் வாழும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வருவது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு முதலிய மறைவிடங்களில் வலியற்ற கறுத்த பொருக்கு ஒன்று காணப்படலாம். டாக்சிசைக்ளின் போன்ற உரிய மருந்தை மருத்துவர் கொடுத்தால் விரைவில் குணமாகிறது. கொடாமல் காய்ச்சல் மாத்திரையிலேயே நாள் கடத்தினால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படுகின்றன.

எனவே எம் கருத்து இது: மழைக்காலத்தில், டெங்கு இல்லையென்று குருதிப் பரிசோதனை சொல்லும் வரை, மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையை வீட்டில் கையாளவே வேண்டா. பாராசிட்டமால், நீர், கஞ்சி, ஓய்வு இவற்றோடு நிற்க. மற்ற காலங்களிலும், பற்பிடுங்கிய வலி, சுளுக்கு, காரணம் தெரிந்த காய்ச்சல் ஆகியவற்றுக்கே இம்முறை பொருந்தும்.

பெரியவர்க்கான கணக்கு

நலமான பெரியவர் பாராசிட்டமாலை ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி. வரை உண்ணலாம். இரு வேளைகளுக்கிடையே 4 முதல் 6 மணி நேரம் வேண்டும். 24 மணி நேரத்தில் 4000 மி.கி.க்கு மேற்படலாகாது. எடை குறைந்தோரும் முதியோரும் இதனினும் குறைவாகவே கொள்ளுதல் நன்று. இபுபுரூஃபென் வேளைக்கு 200 முதல் 400 மி.கி.; இடைவெளி 6 முதல் 8 மணி; மருத்துவர் கூறாமல் நாளொன்றுக்கு 1200 மி.கி.க்கு மேல் கூடாது.

மாற்றி உண்ணும்போது நினைவிற் கொள்ள வேண்டியது, ஒவ்வொரு மருந்துக்கும் அதனதன் கடிகாரம் தனி என்பது. "மூன்று மணிக்கொருமுறை ஒரு மாத்திரை" என்று மனப்பாடம் செய்வோர், எது எப்போது என்பதை இரண்டாம் நாள் இரவில் மறந்துவிடுகின்றனர்.

இரவுணவு கொள்ளாத நம் இல்லங்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்றுண்டு. இபுபுரூஃபெனை வெறும் வயிற்றில் உண்ணாதீர் என்பது மருத்துவர் வழக்கமாகக் கூறும் அறிவுரை. கார்த்திகை, மார்கழியில் கதிரவன் 6 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறான். இரவு 10 மணிக்கு இபுபுரூஃபென் வேளை வருமாறு கணக்கிட்டால், அது நான்கு மணி நேரத்துக்கு மேல் காலியான வயிற்றில் விழும். ஆகவே அம்மருந்தைப் பகலுக்கும் பாராசிட்டமாலை இரவுக்கும் ஒதுக்குவதே பொருத்தம். காலை 8 மணிக்கு உணவுக்குப் பின் இபுபுரூஃபென் 400 மி.கி.; நண்பகல் 12 மணிக்குப் பாராசிட்டமால் 650 மி.கி.; மாலை 5 மணிக்கு உணவோடு இபுபுரூஃபென்; இரவு 9 மணிக்குப் பாராசிட்டமால், நீரோடு; மிகத் தேவையெனில் பின்னிரவு 3 மணிக்கு மீண்டும் பாராசிட்டமால். கூட்டிப் பார்த்தால் இபுபுரூஃபென் 800, பாராசிட்டமால் 1950 மி.கி. ஆகிறது, இரண்டும் எல்லைக்குள் அடங்குகின்றன. உணவோடு உண்பதால் வயிற்றெரிச்சல் குறையலாமே தவிர, இம்மருந்து குருதி வழியாகவும் இரைப்பையைத் தாக்குவதால் புண் வராது என்று உறுதி கூற இயலாது. எனவே ஒன்றிரண்டு நாளுக்கு மேல் இம்முறை நீள வேண்டா. இரவில் நீரும் பருகாத நியமம் உடையோர் இபுபுரூஃபெனை அறவே விட்டு, ஞாயிறு மறையுமுன் பாராசிட்டமாலை உண்டு அமைக.

உபவாச நாள்களைப் பற்றி இன்னும் சற்று அழுத்தமாகக் கூற வேண்டும். அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் தசலட்சண நாள்களிலும் நோன்பிருப்போர்க்குத் தலைவலி வருவது இயற்கை. நோன்பு முடிந்து பாரணைக்கு முன்போ, அதனோடு சேர்த்தோ வலி மாத்திரை விழுங்கும் பழக்கம் சில இல்லங்களில் உண்டு. பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்நஞ்சை முறிக்கிறது. பல நாள் உண்ணாதிருந்தால் குளுட்டாதயோனின் இருப்பு குறைந்துபோகும். அந்நிலையில் வழக்கமான உச்ச அளவும் கல்லீரலுக்கு மிகையாகலாம். உண்ணாமையோடு நீரும் குறைந்திருந்தால் இபுபுரூஃபென் சிறுநீரகத்துக்குப் பகை. நோன்பில் இருப்பவர்க்குக் காய்ச்சல் கண்டால், நோன்பைத் தொடர்வதா விடுவதா என்பதைப் பெரியோரையும் மருத்துவரையும் கேட்டு முடிவு செய்க. தொடர்வதாயின் இபுபுரூஃபெனைத் தொட வேண்டா. பாராசிட்டமால் 500 மி.கி. என்ற சிற்றளவும் நீண்ட இடைவெளியும் போதும். பாரணை நாளில் முதலில் கஞ்சியும் நீரும், மருந்து அதன்பின்.

குழந்தைகளுக்கு

குழந்தைக்கு அளவு வயதால் அன்று, எடையால். பாராசிட்டமால் எடை கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணிக்கொருமுறை. இபுபுரூஃபென் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 8 மணிக்கொருமுறை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் இபுபுரூஃபென் இல்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலே மருந்தைத் தேடாமல் மருத்துவமனைக்குச் செல்க. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஒருபோதும் வீட்டில் கொடுக்கலாகாது. ரே நோய் என்னும் மூளை, கல்லீரல் கேடு அதனால் வரலாம்.

பாகு மருந்தின் செறிவைப் பார்க்காமல் மில்லியை மட்டும் பார்ப்பதே இங்கு நிகழும் பெரும் பிழை. 12 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 எனில் 180 மி.கி. பாராசிட்டமால் வேண்டும். புட்டியில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று அச்சிட்டிருந்தால் 7.5 மி.லி. ஊற்ற வேண்டும். 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றிருந்தால் 3.6 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ளது, அதில் 1.8 மி.லி. போதும். பழைய நினைவில் அதே 7.5 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து ஊற்றினால் 750 மி.கி.; ஏறக்குறைய ஒரு நாள் முழுவதற்குமான அளவு ஒரே மடக்கில். சமையற் கரண்டியால் அளக்க வேண்டா. மில்லி குறித்த பீச்சுகுழலே சரியானது.

இபுபுரூஃபென் பாகு என்று கடையில் தருவது பல வேளை கூட்டு மருந்தாக, பாராசிட்டமாலும் சேர்ந்ததாக இருக்கிறது. அதனைப் "புதிய மருந்து" என்று எண்ணி, பாராசிட்டமாலோடு மாற்றி மாற்றிக் கொடுத்தால் பாராசிட்டமால் மூன்று மணிக்கொருமுறை போய்ச் சேரும். மாற்றிக் கொடுப்பதாயின் இரண்டும் தனி மருந்துகளாக இருத்தல் கட்டாயம்.

சளி, இருமல், காய்ச்சல் அனைத்துக்கும் ஒரே பாகு என்பதைச் சிறு குழந்தைகளுக்குத் தவிர்த்தலே நன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்னும் பாகு அத்தகைய கூட்டு மருந்துகளுள் ஒன்று. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதனைக் குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதுற்று இறந்தனர். டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் 48.6 விழுக்காடு அதிலிருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்து, அக்டோபரில் விற்பனையை நிறுத்தியது. மருந்தின் உட்பொருளால் அன்று, கலப்பால் நேர்ந்த கொடுமை அது. ஆயினும் அக்குழந்தைகளின் நோய்க்கு அப்படியொரு பாகு தேவைதானா என்பது நாம் கேட்க வேண்டிய வினா.

"ஒரு செட்" மாத்திரை

மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று கேட்பது நம்மூர்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். நான்கைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, காகித உறையில் போட்டுக் கொடுக்கின்றனர். வெட்டிய துண்டில் பெயர் இராது, அளவும் இராது. அதில் பாராசிட்டமால் ஒன்று, டைக்ளோஃபினாக் ஒன்று, சளிக்கு ஒன்று இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். வீட்டில் ஏற்கெனவே டோலோ உண்டவர், இந்த உறையையும் பிரித்து விழுங்குகிறார். கணக்கைப் பாருங்கள்: 650 மி.கி. நான்கு வேளை 2600; சில சளி மாத்திரைகளில் 500 மி.கி. பாராசிட்டமால் உண்டு, அது மூன்று வேளை 1500, ஆக 4100. அவர் ஒருபோதும் மிகையாக உண்டதாக எண்ணமாட்டார். பாராசிட்டமால் மிகையின் கொடுமை யாதெனில், முதல் நாள் பெரும்பாலும் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாது; இரண்டு மூன்று நாள் கழித்தே மஞ்சள் பூக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகப் பயன்படும். ஆகவே அளவு மீறியது தெரிந்த கணமே, நோய்க்குறி தோன்றக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக. பெயரும் அளவும் தெரியும்படி வெட்டித் தருமாறு கடைக்காரரைக் கேட்பது நம் உரிமை, கேட்டால் தருகின்றனர்.

முதியோர் திறத்தில் ஒரு செய்தி. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இரத்த அழுத்த மாத்திரை இன்று சிற்றூர் வீடுகளுக்கே வந்து சேர்கிறது. அவ்வகை மாத்திரைகளுள் சிலவற்றோடும், நீர் பிரிக்கும் மாத்திரையோடும் இபுபுரூஃபென் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனத் தளரும், அழுத்தமும் ஏறும். இதயத்துக்காக நாள்தோறும் 75 மி.கி. ஆஸ்பிரின் உண்போர்க்கு, இபுபுரூஃபென் அந்த ஆஸ்பிரினின் பயனையே தடுத்துவிடலாம். இவர்களும், வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய், இதயத் தளர்ச்சி உடையோரும், கருவுற்ற தாய்மாரும் மாற்றி உண்ணும் முறையை நாட வேண்டா. மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவுக்கு முழங்கால் வலியோடு வரும் மூத்தோர், பையில் வைத்திருக்கும் "வலி மாத்திரை" யாதென்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுதல் நலம்.

காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தாலும், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறு அல்லது மூக்கில் குருதி, கறுத்த மலம், மூச்சுத் திணறல், மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் வீட்டு மருத்துவத்தை விட்டுவிடுக. வீடூர், பெருமண்டூர் முதலிய சிற்றூர்களிலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லலாம். 108 ஊர்தி கட்டணமின்றி வரும். செல்லும்போது, எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்று எழுதிய தாளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்க. நாள்காட்டியின் கிழித்த தாளின் பின்புறம் எழுதினாலும் போதும்.

அன்பர் பலர் கேட்கும் ஐயம் ஒன்று எஞ்சியுள்ளது. கூடு மாத்திரைகளின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் கூடில்லாத மாத்திரையாகவும் எங்கும் கிடைக்கின்றன. இபுபுரூஃபெனின் திரவம் அடைத்த மென்கூடுகளைத் தவிர்க்கலாம்.